குடியேறிய இடத்தின் குணம்

1901 செப்டம்பரில் மலாயாவின் கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் அந்த இடம் அன்று சதுப்பைத் திருத்தி எழுப்பிய கரை. சுற்றிலும் அலையாத்திக் காடு, அதற்குப் பின்னால் நீர் தேங்கிய தாழ்நிலக் காடு. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா தொழிலாளர்களை வரிசையாகப் படுக்கையில் வீழ்த்தியது. கொசுதான் அந்தக் காய்ச்சலைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அதே 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஊரைச் சுற்றிக் காட்டை வெட்டச் செய்தார், பள்ளங்களைத் தூர்த்தார், வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடியவிட்டார். அடுத்த ஆண்டே கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் சாவுகள் சரிந்தன. கொசுவின் இருப்பிடத்தை அழித்து ஒரு நகரத்தை மீட்க முடியும் என்பதற்கு உலகம் கண்ட முதல் சான்றுகளில் அது ஒன்று.

பிறகு ரப்பர் வந்தது. தோட்டங்கள் கடற்கரைச் சமவெளியைத் தாண்டிக் குன்றுகளின் மேல் ஏறின. பால்மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கிள்ளானில் பலித்த வைத்தியம்தானே என்று குன்றுப் பகுதியிலும் காட்டை வெட்டி ஓடைகளைத் துப்புரவாக்கினார்கள். மலேரியா குறையவில்லை, கூடியது. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது இதுதான். சமவெளியில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. காட்டை வெட்டினால் அது போய்விடும். குன்றில் இருந்த அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த நீரோடையில் பெருகுவது. அங்கே வெட்டிய ஒவ்வொரு மரமும் அதற்கு வாசல் திறந்துவிட்டது. இரண்டுக்கும் பொதுப்பெயர் அனோபிலிஸ்தான். பெயரை அறிந்து இடத்தை அறியாமல் செய்த சிகிச்சையின் விலையை தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பங்கள் உயிரால் கொடுத்தன. வாட்சன் தம் முறையையே மாற்றிக்கொண்டு, குன்றுகளில் ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் ஓடவிடுவதற்கும் நீர்மேல் எண்ணெய் தெளிப்பதற்கும் போனார். எந்த இடத்தில் எந்த இனக் கொசு என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மண்வெட்டியை எடுக்கும் பழக்கம் அதன் பின்னரே நிலைபெற்றது. நோய் எதிர்ப்பியலும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து இதே பாடத்தைப் படிக்க நேர்ந்தது. இம்முறை நிலம் எலியின் உடல். குன்றும் சமவெளியும் அதன் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், கொழுப்பு. இயற்கைக் கொல்லி டி அணு என்ற ஒற்றைப் பெயரால் குறிக்கப்படும் உயிரணு எந்த உறுப்பில் குடியிருக்கிறது என்று சொல்லாதவரை, அது நன்மை செய்கிறதா தீமை செய்கிறதா என்ற கேள்விக்கு விடை இல்லை என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயல்வது.

முதலில் அந்த அணு எது என்று பார்த்துவிடுவோம். நம் இரத்தத்திலுள்ள டி அணுக்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஓர் ஏற்பியைத் தாங்கியிருக்கும். கோடிக்கணக்கான அணுக்களில் ஏற்பிகள் கோடிக்கணக்கான விதம்; ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிருமியின் புரதத் துணுக்குக்குப் பொருந்தும். பொருந்தும் அணு பெருகிப் படையாகச் சில நாட்கள் பிடிக்கும். இயற்கைக் கொல்லி அணுக்கள் வேறு வகை. அவற்றிடம் அப்படிப்பட்ட ஏற்பி இல்லை, பார்த்ததும் தாக்கும். இரண்டின் அடையாளங்களையும் ஒருங்கே தாங்கிய ஓர் அணுக்கூட்டம் எலிகளில் கண்டறியப்பட்டபோது, இரண்டு பெயர்களையும் சேர்த்து அதற்குச் சூட்டினார்கள். சுருக்கமாக என்கேடி அணு. இதன் ஏற்பி அணுவுக்கு அணு மாறுவதில்லை; ஏறக்குறைய எல்லா என்கேடி அணுக்களும் ஒரே அச்சில் வார்த்த ஏற்பியையே சுமக்கின்றன. அது புரதத்தைப் பார்ப்பதுமில்லை. சிடி1டி என்ற தாங்கி மூலக்கூறு ஏந்திக் காட்டும் கொழுப்புப் பொருள்களைப் பார்க்கிறது. அந்தக் கொழுப்புகளில் முதலில் பிடிபட்டது ஒரு கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது என்பது நோய் எதிர்ப்பியலின் அழகான தற்செயல்களில் ஒன்று. ஒக்கினாவா கடலில் எடுத்த பஞ்சில் புற்றுநோய்க்கு எதிரான சரக்கைத் தேடிய ஜப்பானின் கிரின் மதுவடிப்பு நிறுவன ஆய்வாளர்கள் ஆல்ஃபா-கேலக்டோசில்செரமைடு என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். எலிகளில் அது செயல்படுவது என்கேடி அணுக்களைத் தட்டியெழுப்பித்தான் என்று மசாரு தானிகுச்சியின் குழு 1997இல் காட்டியது. எழுப்பப்பட்ட அணுக்கள் நாள்கணக்கில் காத்திருப்பதில்லை. சில மணி நேரத்திற்குள் சைட்டோகைன் என்ற ஏவல் புரதங்களைக் கொட்டுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. தாக்கு என்று ஏவும் இன்டர்ஃபெரான்-காமாவும் அதற்கு எதிர்த்திசையில் ஏவும் இன்டர்லூக்கின்-4ம் ஒரே அணுக்கூட்டத்திலிருந்து வந்தன. ஓர் ஆய்வகத்தில் என்கேடி அணு கட்டியை அழித்தது. இன்னொன்றில் கட்டிக்கு எதிரான தாக்குதலை அடக்கியது. ஒரு நோயில் காவல், மற்றொன்றில் கேடு.

இந்த முரண்பாட்டின் முதல் துப்பு எண்ணிக்கையில் இருந்தது. ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் கறுப்பு எலி இனத்தில், கல்லீரலில் இருக்கும் வெள்ளணுக்களான நிணஅணுக்களில் 30 விழுக்காடு வரைகூட என்கேடி அணுக்களாக இருக்கும். மண்ணீரலில் அவை ஓரிரு விழுக்காடுதான். நிணநீர்க் கணுக்களில் ஒரு விழுக்காட்டையும் எட்டுவதில்லை. ஒரே எலி, ஒரே மரபு, ஒரே இரத்தவோட்டம். இருந்தும் இவ்வளவு ஏற்றத்தாழ்வு. இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும்: இது அணுக்களின் வேறுபாடா, எண்ணியவர்களின் குழப்பமா? அந்த நாளில் என்கேடி அணுவை அடையாளம் கண்ட விதம், டி அணு ஏற்பியும் என்கே1.1 என்ற குறியும் ஒரே அணுவில் இருக்கிறதா என்று பார்ப்பதே. அந்தக் குறி சில எலி இனங்களில் வெளிப்படுவதே இல்லை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறையை 1999இல் சுவிட்சர்லாந்தின் லோசான் அருகே எபெர்ல், மக்டோனல்ட் குழுவினர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிடி1டி தாங்கியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை அவர்கள் உறுப்பு உறுப்பாகப் பார்த்தார்கள். டி அணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியிலும் கல்லீரலிலும் அந்தக் குறி தாங்கிய அணுக்கள் பெருமளவு மறைந்துபோயிருந்தன. அவை உண்மையான என்கேடி அணுக்கள். மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அவை சிடி1டியைச் சார்ந்தவையே அல்ல, அதே சட்டையைப் போட்டுக்கொண்ட வேறு ஆட்கள். ஆகவே எண்ணியவர்களின் குழப்பம் என்ற ஐயத்தில் பாதி உண்மை இருந்தது. ஆனால் அந்தப் பாதியுண்மை என் வாதத்தைத் தளர்த்துவதில்லை, இறுக்குகிறது. ஒரே குறியைப் பார்த்து எண்ணினால் கல்லீரலில் ஒரு பொருளையும் மஜ்ஜையில் வேறொரு பொருளையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துவிட்டதே. 2000ஆம் ஆண்டில், கடற்பஞ்சுக் கொழுப்பைச் சிடி1டியில் ஏற்றி நான்கு நான்காகப் பிணைத்து, ஏற்பியையே நேராகப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் கருவி உருவானது. அதை வைத்து எண்ணிய பிறகும் உறுப்புக்கு உறுப்பு ஏற்றத்தாழ்வு மறையவில்லை.

எண்ணிக்கையைத் தாண்டி வகைக்கு வருவோம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டின் ஹாக்விஸ்ட் குழுவினர் 2013இல் என்கேடி அணுக்களை உள்ளிருக்கும் கட்டளைப் புரதங்களைக் கொண்டு மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகை இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கும். இரண்டாம் வகை இன்டர்லூக்கின்-4. மூன்றாம் வகை இன்டர்லூக்கின்-17. தைமஸ் சுரப்பியிலேயே மூன்றும் பிரிந்துவிடுகின்றன. கறுப்பு எலியின் கல்லீரலில் பெரும்பான்மை முதல் வகை. நுரையீரலிலும் தோலிலும் நிணநீர்க் கணுக்களிலும் மூன்றாம் வகைக்குத் தனி இடம் உண்டு. குடலைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களில் இரண்டாம் வகை செல்வாக்குப் பெறுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு ஒருபடி மேலே போய், உறுப்புக்குள் எந்த மூலையில் எந்த வகை என்று வரைபடம் போட்டது. மண்ணீரலில்கூட, இரத்தம் வடிகட்டப்படும் சிவப்புப் பகுதியில் முதல் வகையும், மற்ற டி அணுக்கள் கூடும் பகுதியில் இரண்டாம் வகையும் தங்கியிருந்தன. அதனால் அதே கடற்பஞ்சுக் கொழுப்பை இரத்தக்குழாயில் செலுத்தினால் எழுவது ஒரு கூட்டம். வாய்வழியாகக் கொடுத்தால் குடலோரக் கணுவில் விழித்துக்கொள்வது வேறொரு கூட்டம். மருந்து ஒன்றுதான். எந்தத் தெருவில் போய்க் கதவைத் தட்டுகிறது என்பதில் விளைவு மாறுகிறது. இந்தச் சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் ஒரு மருத்துவர் உண்மையில் தம் கையால் தீர்மானிப்பது எந்த அணுவை எழுப்புவது என்பதை அல்ல. ஊசியா மாத்திரையா என்பதைத்தான்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். மூன்று வகையும் தைமஸ் சுரப்பியிலேயே பிரிந்துவிட்டதென்றால், உறுப்பு என்ன செய்தது? அது வெறும் விடுதி அல்லவா? தகுந்தவர்கள் தகுந்த இடத்தில் போய்த் தங்குகிறார்கள். இடம் அவர்களை மாற்றவில்லை. இந்த மறுப்பை நம் வரலாற்றோடு வைத்துப் பார்க்கலாம். கடல் கடந்து மலாயா வந்த தமிழர்களில் ஒரு பகுதி கிள்ளான் தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் போனது. இன்னொரு பகுதி கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே பணிமனைக்கும் குடியிருப்புகளுக்கும் போனது. ரயில்வே அலுவலக மேசைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் மிகுதி; தோட்டங்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். இந்தப் பிரிவினை இங்கே இறங்கிய பிறகு உண்டானது அல்ல. ஏறும் துறையிலேயே, ஆள் எடுத்தவர்கள் கையில், படிப்பும் சாதியும் வறுமையும் சேர்ந்து அதைத் தீர்மானித்துவிட்டன. ஆனாலும் இரண்டு தலைமுறை கழிந்த பின் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் வளர்ந்தவரின் வாழ்வையும் தோட்டப்புற லயத்தில் வளர்ந்தவரின் வாழ்வையும் வேறாக்கியது புறப்பட்ட ஊர் மட்டும் என்று யார் சொல்வார்கள்? அங்கிருந்த பள்ளி, கூலி, தண்ணீர், மருத்துவமனை என்று எல்லாமே அதில் சேர்ந்தன. அணுக்களின் கதையிலும் இரண்டும் உண்டு. தொடக்கத்தில் ஏற்றிவிட்ட முத்திரை உண்மை, குடியேறிய இடம் மேலும் எழுதுவதும் உண்மை. சான்று இல்லாமல் இப்படிச் சொன்னால் அது நடுநிலை வேடமாகிவிடும். இரண்டு பக்கச் சான்றையும் பார்ப்போம்.

முத்திரைப் பக்கம் 2005இல் மெல்பர்னிலிருந்து வந்த சான்று தெளிவானது. என்கேடி அணுக்களே இல்லாத எலிகளுக்கு ஒரு பக்கம் கல்லீரலிலிருந்து எடுத்த அணுக்களையும், மறுபக்கம் தைமஸிலிருந்து எடுத்தவற்றையும் ஏற்றினார்கள். பிறகு கட்டி வளர்க்கப்பட்டது. கட்டியை எதிர்ப்பதில் கல்லீரல் அணுக்கள், அதிலும் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவு, மிகுந்த திறன் காட்டின. தைமஸ் அணுக்கள் பின்தங்கின. தைமஸ் அணுக்களில் இன்டர்லூக்கின்-4ஐ உருவாக்கும் மரபணுவை நீக்கிவிட்டு ஏற்றியபோது அவற்றின் திறன் கூடியது. எடுத்த உறுப்பைப் பொறுத்து அணுவின் நடத்தை மாறியது. அந்த வேறுபாடு புதிய எலிக்குள் போன பிறகும் மாறாமல் நின்றது. அதாவது, அணு தன் ஊரைச் சுமந்துகொண்டு போனது. இது வகையின் முத்திரையா, ஊரின் முத்திரையா என்று இந்தச் சோதனையால் மட்டும் பிரித்தறிய முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் குடியிருப்பு நிலையானது என்பதற்கு 2011இல் சிகாகோவிலிருந்து நேரடிச் சான்று கிடைத்தது. இரண்டு எலிகளின் இரத்தவோட்டத்தை அறுவையால் இணைத்து வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். சாதாரண டி அணுக்கள் இரண்டு உடல்களிலும் கலந்துபோயின. கல்லீரல் என்கேடி அணுக்கள் தத்தம் எலியின் கல்லீரலை விட்டு அசையவில்லை. அவை கல்லீரலின் நுண்ணிரத்தக் குழாய்களுக்குள்ளேயே ஊர்ந்து ரோந்து சுற்றுகின்றன என்பது 2005இலேயே நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கப்பட்டிருந்தது. இரத்தத்திலேயே நின்றுகொண்டு இரத்தத்தோடு போகாத காவலர்கள்.

இடம் எழுதுகிறது என்பதற்கு நுண்ணுயிரிகளும் கொழுப்பும் இரண்டு வலுவான சாட்சிகள். 2012இல் பாஸ்டனில் ரிச்சர்ட் புளும்பெர்க் குழுவினர், கிருமியே படாமல் வளர்த்த எலிகளின் பெருங்குடலிலும் நுரையீரலிலும் என்கேடி அணுக்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். அந்த எலிகள் குடல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் எளிதில் ஆளாயின. பிறந்த குட்டிகளுக்கு இயல்பான குடல் நுண்ணுயிரிகளைக் கொடுத்தால் அணுக்களின் எண்ணிக்கை அடங்கியது. வளர்ந்த எலிக்கு அதே நுண்ணுயிரிகளைக் கொடுத்தால் பயனில்லை. மரபு மாறவில்லை, தைமஸ் மாறவில்லை. உறுப்பின் சூழல் மட்டும் மாறியது, அதுவும் குழந்தைப் பருவத்தில் மாறியதுதான் கணக்கில் சேர்ந்தது. கொழுப்புத் திசுவில் நடப்பது இன்னும் வியப்பு. அங்கே வாழும் என்கேடி அணுக்களில், இந்த இனத்தின் அடையாள முத்திரை என்று எல்லோரும் கருதும் பிஎல்இசட்எஃப் என்ற கட்டளைப் புரதமே இல்லை; வேறொரு புரதம் அந்த இடத்தில் ஆட்சி செய்கிறது. அவை சுரப்பது முதன்மையாக அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10. லிடியா லிஞ்ச், மைக்கேல் பிரென்னர் குழுவினர் 2015இல் விவரித்த இந்த அணுவை, அதன் ஏற்பியை மறைத்துவிட்டுப் பார்த்தால் கல்லீரல் அணுவின் உறவினர் என்றே நம்பத் தோன்றாது. விடுதி மட்டும் என்ற மறுப்பு இங்கே நிற்பதில்லை.

இந்தக் கொழுப்பு அணுக்களைப் பற்றிச் சற்று நிறுத்திப் பேச எனக்குக் காரணம் இருக்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம் அது மற்ற எல்லோரையும்விட மிகுதி. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இந்த நோய் எட்டிப் பார்க்காத தமிழ்க் குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். உடல்பருமன் கூடக் கூடக் கொழுப்புத் திசுவில் மெல்லிய, ஓயாத அழற்சி ஒன்று புகைகிறது. அது இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதைக் குறைக்கிறது. எலிகளில் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தால் கொழுப்புத் திசுவின் என்கேடி அணுக்கள் தேய்ந்துபோகின்றன. அவை இல்லாத எலிகள் கூடுதலாகப் பெருத்தன, சர்க்கரையைக் கையாளும் திறனை இழந்தன. அவற்றைத் தட்டியெழுப்பினால் எடையும் சர்க்கரையும் குறைந்தன என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆண்டில் இன்னொரு குழு நேர்மாறாகச் சொன்னது: கொழுப்புத் தீனியால் எழுப்பப்பட்ட என்கேடி அணுக்கள் அழற்சியை வளர்த்தன, கல்லீரலில் கொழுப்புப் படியச் செய்தன, இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டின. இரண்டில் ஒன்று தவறு என்று முடிவுகட்ட அவசரம் வேண்டாம். ஓர் எலியில் என்கேடி அணுக்களை மரபணு நீக்கத்தால் இல்லாமல் செய்யும்போது, எல்லா உறுப்பிலிருந்தும் ஒரேயடியாக நீக்கிவிடுகிறோம். கொழுப்பில் தணிப்பவர்களும் போனார்கள், கல்லீரலில் தாக்குபவர்களும் போனார்கள். எஞ்சி நிற்பது வரவும் செலவும் கழிந்த மீதி. தீனி, எலி இனம், வளர்ப்புக் கூடத்தின் நுண்ணுயிரி என்று எது கொஞ்சம் மாறினாலும் அந்த மீதி ஒரு பக்கம் சாயும். முழு உடலின் கணக்கைப் பார்த்து ஓர் உறுப்பின் அணுவுக்குக் குணம் சொல்வது, கிள்ளானை உள்ளடக்கிய சிலாங்கூர் மாநிலம் முழுவதற்கும் ஒரே மலேரியா எண்ணை வைத்துக்கொண்டு குன்றில் காட்டை வெட்டலாமா என்று தீர்மானிப்பதற்குச் சமம். இந்த எலிகளிலேயே இன்னொரு குறையும் இருந்தது. என்கேடி அணுக்கள் இல்லாதவை என்று பல ஆய்வகங்கள் நம்பிப் பயன்படுத்திய எலியினத்தில், மரபணு நீக்கிய விதத்தால் மற்ற டி அணுக்களின் ஏற்பி வகைகளும் பெரிதும் குறைந்திருந்தது 2012இல் தெரியவந்தது. பழைய முடிவுகள் பலவற்றை அந்த நினைவோடுதான் வாசிக்க வேண்டும்.

அந்த எச்சரிக்கையோடு டிங்கிக்கு வருவோம். மலேசியாவில் ஆண்டுதோறும் டிங்கிக் காய்ச்சல் மிகுதியாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். கட்டுமானக் குழிகளும் பூந்தொட்டித் தட்டுகளும் நிறைந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏடிஸ் கொசுவுக்குக் குறைவில்லை. டிங்கியில் என்கேடி அணுக்கள் என்ன செய்கின்றன? 2011இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு, உடல் முழுவதும் பரவிய கடும் தொற்றில் அவை கேட்டையே செய்கின்றன என்றது. அவை இல்லாத எலிகள் தொற்றை மேலாகத் தாங்கின, அணுக்களைத் திருப்பி ஏற்றியதும் நோய் முற்றியது. அதே 2011இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தையும் சிங்கப்பூரையும் சார்ந்த ஆய்வாளர்கள் தோலை நோக்கினார்கள். கொசு கடிக்கும் இடத்தில் இருக்கும் மாஸ்ட் அணுக்கள் வைரசை உணர்ந்ததும் சமிக்ஞை விடுத்து, இயற்கைக் கொல்லி அணுக்களையும் என்கேடி போன்ற அணுக்களையும் அங்கே வரவழைக்கின்றன. வைரஸ் ஒழிவதற்கு அது துணைசெய்கிறது. ஒன்றில் பகை, மற்றொன்றில் துணை. இவை இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று ஒரு நிபுணர் மறுப்பார். அவர் சொல்வது சரி. தொற்று ஏற்றிய வழி வேறு, எலிகள் வேறு, தோலில் எண்ணப்பட்டவை சிடி1டி சார்ந்தவைதானா என்பதும் கண்டிப்பாக உறுதி செய்யப்பட்டதல்ல. ஆனால் ஒப்பிட முடியாமல் போவதற்கான காரணங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால், எந்த உறுப்பு, எந்த வழி, எந்த உட்பிரிவு என்பவையே அதில் முதலில் நிற்கின்றன. நிபுணரின் மறுப்பு என் வாதத்தின் இன்னொரு வடிவம்.

கடைசியாக வருவது எல்லாவற்றிலும் கனமான மறுப்பு: எலி மனிதன் அல்ல. மனிதக் கல்லீரலில் என்கேடி அணுக்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. இரத்தத்தில் டி அணுக்களில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான், அதுவும் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். கடற்பஞ்சுக் கொழுப்பை எலிகளில் கண்ட நம்பிக்கையோடு புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது கிடைத்த பலன் சொற்பம். போதாததற்கு, ஆய்வக எலிகள் அளவுக்கு மீறிய தூய்மையில் வளர்பவை. செல்லப்பிராணிக் கடை எலிகளோடு அவற்றை ஒன்றாக வைத்தாலே அவற்றின் எதிர்ப்பு அணுக்களின் அமைப்பு வளர்ந்த மனிதரின் அமைப்பை நோக்கி நகர்கிறது என்று 2016இல் காட்டப்பட்டது. ஆகவே எலிக் கல்லீரலின் 30 விழுக்காட்டை அப்படியே எடுத்து மனிதக் கல்லீரலின் மேல் ஒட்டுவது மடமை. ஆனால் நான் எலியிடமிருந்து எண்ணைக் கடன் கேட்கவில்லை. மனிதக் கல்லீரலில் மெய்ட் என்ற வேறொரு அணுக்கூட்டம் செறிந்திருக்கிறது. அதுவும் ஏறக்குறைய ஒரே அச்சு ஏற்பி கொண்டது, அதுவும் விரைந்து செயல்படுவது, ஆனால் கொழுப்புக்குப் பதிலாக நுண்ணுயிரிகளின் வைட்டமின் துணுக்குகளைக் காண்பது. கல்லீரல் டி அணுக்களில் பெரும் பங்கை அது பிடித்திருக்கிறது; எலிகளிலோ அது அரிது. கல்லீரலில் அந்தக் காவல் பணிக்கு ஓர் இடம் இரண்டு இனங்களிலும் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதில் அமர்ந்தவர்கள்தாம் வேறு என்று இதை வாசிப்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மனித வயிற்றுக் கொழுப்பிலோ என்கேடி அணுக்கள் இரத்தத்தைவிடச் செறிவாக இருக்கின்றன, உடல்பருமன் கூடினால் குறைகின்றன. எலி சொன்ன எண் நமக்குப் பொருந்தவில்லை. எங்கே போய்த் தேட வேண்டும் என்று எலி சொன்னது பொருந்தியது.

இங்கே நடைமுறைத் தடை ஒன்று நம்மை மறிக்கிறது. கிள்ளான் மருத்துவமனையில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டவரிடமிருந்து எடுப்பது கைநரம்பில் ஒரு குப்பி இரத்தம். தட்டணுக்களை எண்ண அது போதும். என்கேடி அணுவின் நடத்தையை அறிய அது போதாது, ஏனென்றால் கல்லீரலில் குடியேறியது கைநரம்புக்கு வருவதே இல்லை. வருபவை குடியேறாமல் சுற்றித் திரிபவை. மனித ஆய்வுகளில் பெரும்பாலானவை இரத்தத்தையே நம்பி நடந்திருப்பதற்கு அறியாமை காரணமல்ல. ஆராய்ச்சிக்காக ஓர் ஆளின் கல்லீரலில் ஊசி ஏற்றுவது எளிதல்ல, நியாயமும் அல்ல. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழிகளுக்குப் போகிறார்கள். உறுப்பு மாற்று அறுவைக்கு முன் கொடையாளியின் கல்லீரலைக் குளிர்ந்த கரைசலால் அலசுவார்கள். வழக்கமாகக் கொட்டிவிடும் அந்தக் கழுவுநீரில் நுண்குழாய்களில் ரோந்து சுற்றிய அணுக்கள் கோடிக்கணக்கில் மிதந்து வருகின்றன. உடல்பருமனுக்கு இரைப்பை அறுவை செய்யும்போது வயிற்றுக் கொழுப்பில் ஒரு சிறு துண்டைக் கொடுக்க நோயாளி இசைந்தால் அதிலிருந்து கொழுப்பு அணுக்கள் கிடைக்கின்றன. இரண்டும் அந்தந்த உறுப்பின் அணுக்கள்; இரண்டையும் அவரவர் கைநரம்பு இரத்தத்தோடு பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கும்போதுதான், அந்தக் குப்பி எதைச் சொல்லாமல் விட்டது என்பது அளவாகத் தெரியத் தொடங்குகிறது.